வீட்டில் அமைக்கும் விளையாட்டுக் கணிப்பொறி: ஐந்து பொருத்தங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களின் வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்களும் சோலைகளும் புல்மேடுகளும் சூழ்ந்த இம்மலையில் மூடுபனி அடிக்கடி தவழ்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவினால் பாதை அடைபடுவதும் உண்டு.

இங்கு வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் கணிப்பொறி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டிருக்கிறான் எனக் கொள்வோம். கடையில் முழுமையாகக் கிடைக்கும் பொறியை வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே தருவித்துத் தானே இணைக்க அவன் விரும்புகிறான். அதனால் செலவைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம், பின்னாளில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தொழிலையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பெட்டிகள் மலையேறி வந்து, உறைகளும் பிரிக்கப்பட்ட பிறகு, ஓர் உறுப்பு மற்றொன்றோடு சேர மறுத்தால் என்ன செய்வது? உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெறக் கடைக்காரர் தயங்குவார். தந்தையின் பல மாதச் சேமிப்பு மேசைமீது உயிரற்றுக் கிடக்கும். பையனின் ஆர்வமும் அதனுடன் அடங்கிவிடக் கூடும்.

இத்தகைய வேளைகளில் அண்டை வீட்டார் யோசனை கேட்பது பள்ளி ஆசிரியரிடமும், அவ்வூருக்கு வந்துபோகும் அரசுப் பணியாளரிடமுமே ஆகும். அவர்கள் கணிப்பொறி வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. எவற்றை எவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்னும் முறையை அறிந்திருந்தால் போதும். திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நாட்டு வழக்கு. கணிப்பொறிக்கு ஐந்து பொருத்தங்கள் போதுமானவை. உருவம், மொழி, மின்சக்தி, உஷ்ணம், இடம் என்பனவே அவை. இவற்றுள் எதுவும் நம்பிக்கையைச் சார்ந்ததன்று. ஒவ்வொன்றும் அளந்தும் படித்தும் அறியத் தக்கது.

தேர்வு தொடங்க வேண்டிய இடம்

விளையாட்டுக் கணிப்பொறியின் பிரதான வேலை, திரையில் தோன்றும் காட்சியை நொடிதோறும் பலமுறை புதிதாக வரைவதாகும். இக்காலத்தில் மிகுதியாக வழங்கும் திரையொன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தப் புள்ளிகள் 20,73,600. நொடிக்கு 60 முறை காட்சி மாறுமாயின், ஒரு நொடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறம் கணக்கிடப்பட வேண்டும். 4கே எனப்படும் திரையிலோ புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் ஏறத்தாழ அவ்வளவு பெருகும்.

இவ்வேலையைச் செய்வதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை உள்ளது. விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களின் இயக்கத்தையும் கணக்கிடுவது பிராசசர் எனப்படும் செயலி. நடப்பு வேலைக்குரிய செய்திகளைத் தாங்கி நிற்பது ரேம் எனப்படும் நினைவகம். விளையாட்டுகளை நிலையாகச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம். இவையனைத்தையும் தன்மேல் ஏற்று ஒன்றோடொன்று இணைப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. இவற்றுக்கு மின்சாரம் வழங்குவது எஸ்.எம்.பி.எஸ்.; எல்லாவற்றுக்கும் கூடாக அமைவது கேபினட்.

ஆதலின் தேர்வு திரையிலிருந்து தொடங்குவதே முறையாகும். திரை முடிவானால் அதற்கேற்ற வரைகலை அட்டை தெரியும். அட்டை தெரிந்தால் அதற்கு ஈடுகொடுக்கும் செயலி தெரியும். செயலி முடிவானால் பலகையும் நினைவகமும் முடிவாகும். இவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து எஸ்.எம்.பி.எஸ். அளவு கிடைக்கும், கடைசியில் கேபினட். பலர் அழகிய கேபினட்டை முதலில் வாங்கிவிட்டு, எஞ்சிய தொகைக்குள் மற்றவற்றை அடக்க முயன்று இடர்ப்படுகின்றனர்.

வெவ்வேறு உற்பத்தியாளரின் பொருள்கள் ஒன்றுசேர்வது எங்ஙனம்?

வீட்டு மின்விளக்கை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பின் வகைப் பல்பு எந்த நிறுவனத்தின் பின் வகை ஹோல்டரிலும் பொருந்துகிறது; திருகு வகைப் பல்பு அதில் பொருந்தாது. 6 ஆம்பியர் பிளக்கும் 16 ஆம்பியர் பிளக்கும் அளவில் வேறுபட்டிருப்பது தற்செயலன்று. மெல்லிய கம்பியின் வழியே மிகுந்த மின்சாரம் பாயாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பொருத்தம் என்பது உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு.

கணிப்பொறித் துறையில் இவ்வுடன்படிக்கை படிப்படியாக உருவாயிற்று. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் பல உறுப்புகளைப் பிற நிறுவனங்களிடமிருந்து பெற்றே அமைத்திருந்தது. இணைப்பிடங்களின் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. அதனால் பிறர் அதற்கேற்ற அட்டைகளையும், பின்னர் அதனை ஒத்த முழுப் பொறிகளையும் செய்ய முடிந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டம், பலகையின் நீள அகலத்தையும் திருகுத்துளைகளின் இடத்தையும் மின் இணைப்பின் வடிவத்தையும் வரையறுத்தது. நினைவகங்களுக்கு ஜெடெக் என்னும் அமைப்பு தரம் வகுக்கிறது.

திறந்த விதிகளின் பயனைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு வேகா என்னும் செயலிக் குடும்பத்தை உருவாக்கியுள்ளது. மாணவர் பயிற்சிக்கு உதவும் ஏரிஸ் என்னும் சிறு பலகைகளும் அங்கு உருவானவையே. அவை விளையாட்டுக் கணிப்பொறிக்கு உரியவை அல்ல. எனினும், விதி எல்லோருக்கும் பொதுவானதாயின் புதிய உற்பத்தியாளரும் பழைய கருவிகளோடு இணங்கும் பொருளைச் செய்ய இயலும் என்பதற்கு அவை நல்ல சான்று.

முதற் பொருத்தம்: உருவம்

இது அளவுகோலால் தீர்வது. ஏ.டி.எக்ஸ். பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். இருபுறமும் 244 மில்லிமீட்டர், மினி ஐ.டி.எக்ஸ். இருபுறமும் 170 மில்லிமீட்டர். பெரிய கேபினட்டுகள் பெரும்பாலும் சிறிய பலகையை ஏற்கும்; சிறிய கேபினட்டு பெரிய பலகையை ஏற்காது.

கேபினட்டின் விவரத்தாளில் மேலும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரைகலை அட்டை எவ்வளவு நீளம் இருக்கலாம்? செயலியின் மேல் அமரும் கூலர் எவ்வளவு உயரம் இருக்கலாம்? எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு ஆழம் இருக்கலாம்? அட்டை பத்து மில்லிமீட்டர் கூடுதலாயினும் பெட்டி மூடாது.

நினைவகத்தில் ஒரு நுட்பம் உண்டு. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இருவகைக்கும் 288 தொடுமுனைகளே உள்ளன. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அடிவிளிம்பிலுள்ள வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் அமைந்திருப்பதால், ஒன்றின் செருகிடத்தில் மற்றொன்று இறங்காது. இறங்காததை வலிந்து அழுத்துதல் கூடாது. அவ்வெட்டு, தவற்றைத் தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

இரண்டாம் பொருத்தம்: மொழி

உருவத்தில் பொருந்துவன எல்லாம் ஒன்றோடொன்று பேச வல்லவை என்று கருதுவது பெருந்தவறு. பணம் பெரும்பாலும் இழக்கப்படுவது இவ்விடத்திலேதான்.

செயலி பலகையில் அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் செயலிகளும் 2017-இல் வந்த ஏழாம் தலைமுறைச் செயலிகளும் 1,151 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட்டில் அமர்ந்தன. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வெளிவந்தது. தொடுமுனைகளின் எண்ணிக்கை அதே 1,151. ஆனால் அவற்றுள் சில முனைகளுக்கு ஒதுக்கப்பட்ட பணி மாறியிருந்தது. அவற்றைப் பழைய பலகைகள் ஆதரிக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தனர்.

சாக்கெட்டும் பலகையும் சரியாக இருந்தும் தொடங்காத நிலை மற்றொன்று உண்டு. பலகையில் பயாஸ் என்னும் தொடக்க நிரல் பதிந்துள்ளது. பலகைக்குப் பின்னர் வெளிவந்த செயலியை அந்நிரல் அறியாது. 2018-இல் வெளிவந்த பி.450 வகைப் பலகைகள், 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலிகளை ஏற்பதற்குப் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. புதுப்பிக்க வேறொரு செயலி வேண்டும். அது மலைமேல் கிடைக்காது. சில பலகைகளில், செயலி இன்றியே பென் டிரைவின் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ளது. நகரத்திலிருந்து தொலைவில் வாழ்வோர் அப்பொத்தானுள்ள பலகையை விரும்பித் தேர்தல் நலம். அல்லது, வாங்கும் கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தருமாறு கேட்கலாம்.

நினைவகத்தின் வகையைத் தீர்மானிப்பது பலகையே. எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டுக்குரிய இன்டெல் செயலிகள் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டையும் ஏற்கும். ஆனால் பலகை பெரும்பாலும் இரண்டில் ஒன்றற்கே செருகிடம் தரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 5 சாக்கெட்டு டி.டி.ஆர். 5-ஐ மட்டுமே ஏற்கும். 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நினைவகங்களின் விலை வெகுவாக ஏறியதால், நண்பர் தந்த பழைய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிடுவது தகாது. இரண்டு துண்டுகளை வாங்குவோர் ஒரே பெட்டியில் இணையாக விற்கப்படுவனவற்றை வாங்க வேண்டும். செருகிடம் நான்கு இருப்பின், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் அவற்றைப் பொருத்துதல் பொதுவான முறை. பலகையின் கையேடே இதில் முடிவான சான்று.

எம்.2 வகைச் சேமிப்பகம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய சிறு பட்டை. அதே வடிவில் சாட்டா முறையில் இயங்குவதும், என்.வி.எம்.இ. முறையில் இயங்குவதும் உண்டு. எம்.2 செருகிடங்கள் யாவும் இரண்டையும் ஏற்பன அல்ல. பலகையின் கையேட்டில் எது ஏற்கப்படும் என்பது எழுதப்பட்டிருக்கும்.

பெயரின் இறுதியிலுள்ள ஓரெழுத்தும் கவனத்துக்குரியது. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் எஃப் என்னும் எழுத்து இருப்பின், அதில் திரைக்குக் காட்சி அனுப்பும் பகுதி இயங்காது. தனி அட்டை வரும்வரை அதனைக் கொண்டு எதையும் பார்க்க இயலாது. முதலில் பொறியை இயக்கிவிட்டு, அட்டையைச் சில மாதம் கழித்து வாங்க நினைப்போர் எஃப் இல்லாத செயலியையே தேர வேண்டும்.

இயக்க முறைமையும் இம்மொழிப் பொருத்தத்தில் அடங்கும். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஆதரவுப் பட்டியலில் உள்ள செயலியும் தேவை. பழைய உறுப்புகளை மலிவு கருதி வாங்குவோர் இதனை மறத்தல் ஆகாது.

மூன்றாம் பொருத்தம்: மின்சக்தி

இது கூட்டல் கணக்கு. கணக்கு விளங்கும்பொருட்டு, 2023-இல் வெளியான ரைசன் 5 7600 செயலியையும் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060 வரைகலை அட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். இவை எடுத்துக்காட்டே அன்றிப் பரிந்துரை அல்ல.

செயலி, உச்ச அளவில்: 88 வாட்
வரைகலை அட்டை: 115 வாட்
பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள், தோராயமாக: 50 வாட்
மொத்தம்: 253 வாட்

எஸ்.எம்.பி.எஸ். தான் பெறும் மின்சாரம் முழுவதையும் உறுப்புகளுக்கு அளிப்பதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. நூற்றுக்கு 85 பங்கு பயன்படுமாயின், சுவரிலிருந்து ஏறத்தாழ 298 வாட் இழுக்கப்படும். திரைக்கு 25 வாட் சேர்த்தால் 323 வாட். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இவ்வுச்ச அளவிலேயே இயங்கினாலும் மாதத்துக்கு 29 யூனிட் ஆகும். தந்தையிடம் இக்கணக்கையும் முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை.

இப்பொறிக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஏற்றது. சுமை பாதியளவில் இருக்கும்போது அது திறம்பட இயங்கும். திடீரென எழும் தேவைக்கும் இடமிருக்கும். ஆயினும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண் மட்டும் போதாது. செயலியும் அட்டையும் 12 வோல்ட்டுத் தடத்திலிருந்தே சக்தியைப் பெறுகின்றன. பக்கத்திலுள்ள அட்டவணையில் அத்தடத்தின் ஆம்பியரைப் பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டும். 45 ஆம்பியர் எனில் 540 வாட், இது போதும். மலிவான பெட்டியொன்றில் 450 வாட் என்று எழுதி, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் மட்டும் தரப்பட்டிருப்பின் கிடைப்பது 192 வாட். மேற்கூறிய செயலிக்கும் அட்டைக்கும் மட்டுமே 203 வாட் வேண்டும். விளையாட்டின் நடுவே பொறி அணைந்துபோவதற்கு இத்தகைய குறையும் ஒரு காரணம்.

இணைப்பிகளில் எச்சரிக்கை வேண்டும். செயலிக்குரிய எட்டு முனை இணைப்பியும், வரைகலை அட்டைக்குரிய எட்டு முனை இணைப்பியும் தோற்றத்தில் ஒத்தவை. உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. முன்னது பெரும்பாலும் நான்கும் நான்குமாகப் பிரியும். பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். அதனினும் ஆபத்தானது, கழற்றி மாட்டத்தக்க கம்பிகளைக் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் கம்பியை வேறொன்றில் மாட்டுவது. பெட்டிப்பக்க முனைகளுக்குப் பொது விதி எதுவும் இல்லை. பிளக் பொருந்திவிடும், மின்சாரம் தவறான முனையில் பாய்ந்து சேமிப்பகம் கருகிவிடும். ஆகவே ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அதனுடன் வந்த கம்பிகளே உரியவை.

நான்காம் பொருத்தம்: உஷ்ணம்

உறுப்புகள் பெறும் மின்சக்தி அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. முன்னர்க் கணக்கிட்ட பொறி முழு வேகத்தில் இயங்கும்போது, அறையில் முந்நூறு வாட் அளவுள்ள ஒரு சிறு கணப்பு எரிவதற்கு அது சமம். கேபினட்டின் முன்புறம் குளிர்ந்த காற்று நுழையவும், பின்புறமும் மேற்புறமும் வெப்பக் காற்று வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும்.

மலையில் வாழ்வோர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு. உயரம் மிகுந்தால் காற்று மெலியும் அன்றோ? அது விசிறியின் குளிர்ச்சியைக் குறைக்காதா? 1,100 மீட்டர் உயரத்தில், ஒரே உஷ்ணநிலையில், காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மலைக்காற்று குளிர்ந்தது; குளிர்ந்த காற்று சற்று அடர்ந்தது. கடற்கரை அறையில் 30 பாகையும் மலையறையில் 20 பாகையும் இருப்பதாகக் கொண்டால், அடர்த்தி வேறுபாடு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கீழே செயலி அறையினும் 45 பாகை கூடுதலாகச் சூடேறி 75 பாகையை அடையுமாயின், மேலே ஏறத்தாழ 50 பாகை கூடி 70 பாகையில் நிற்கும். ஆகவே பொன்முடியின் குளிர்ச்சி, காற்றின் மெலிவை ஈடுசெய்வதோடு சிறிது இலாபமும் தருகிறது. மேற்கூறிய செயலிக்கு வரம்பு 95 பாகை. இதன்பொருட்டுத் தனிக் கூலர் வாங்க வேண்டுவதில்லை. பெட்டியுடன் வருவதே போதும்.

ஐந்தாம் பொருத்தம்: இடம்

முன்சொன்ன நான்கும் சரியாக இருந்தும், பொறி வைக்கப்படும் வீடு அதற்கு ஒவ்வாததாக இருக்கலாம். ஆதலின் வீட்டையும் ஓர் உறுப்பாகவே எண்ணிப் பொருத்தம் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் என்று வழங்கும் அக்டோபர், நவம்பர் மாத மழையிலும் இடியும் மின்னலும் மிகுதி. பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும், அதாவது பிள்ளைகள் விளையாட அமரும் வேளையிலேயே, அவை வருகின்றன. இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கணிப்பொறிக்கு வரும் இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் மின் இணைப்பில் உள்ளது. மோடத்திலிருந்து வரும் செம்புக் கம்பி கணிப்பொறியைத் தொடுகிறது. வீட்டிலுள்ள இ.எல்.சி.பி. மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பது. மின்னலிலிருந்து பொறியைக் காப்பதன்று.

எர்த் இணைப்பு செவ்வனே உள்ளதா என்பதைத் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று உறுத்தும். மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சாதனங்களும் அங்கே முழுப் பயன் தாரா. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்து இரு முனையாக்குவது உயிருக்கே கேடு.

மின்தடைக்கு யு.பி.எஸ். வாங்குவோர், வி.ஏ. என்பதும் வாட் என்பதும் வேறு என அறிதல் வேண்டும். 600 வி.ஏ. என விற்கப்படும் சிறிய சாதனங்கள் பல 360 வாட் மட்டுமே தாங்கும். முன்னர்க் கண்ட 323 வாட் சுமைக்கு அது மிக நெருக்கம். பாட்டரி தளர்ந்தபின் தாங்காது. 1,000 வி.ஏ. அளவுள்ளது தக்கது. மலிவான யு.பி.எஸ். தரும் படிக்கட்டு வடிவ மின்னலையைச் சில எஸ்.எம்.பி.எஸ். ஏற்காமல், மின்சாரம் நின்ற அதே கணத்தில் அணைந்துவிடுவதுண்டு. இரண்டையும் கடையிலேயே சேர்த்து இயக்கிப் பார்ப்பது நல்லது.

ஈரத்தைப் பற்றிய அச்சம் ஓரளவு மிகையானது. இயங்கும் பொறி சுற்றுப்புறத்தினும் வெப்பமாக இருப்பதால் அதன்மேல் பனி படியாது. தீங்கு நேர்வது மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அது சும்மா கிடக்கும்போதும், திறந்த சன்னல் வழியே மூடுபனி உட்புகும்போதும் ஆகும். மற்றொரு சமயமும் உண்டு. 18 பாகைக் குளிரில் இருந்த பொறியைப் பழுதுபார்க்கச் சமவெளிக்குக் கொண்டுசென்றால், அங்குள்ள ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீர்த்துளியாகும். ஐஸ் நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இது. சமவெளியை அடைந்ததும் சில மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்து, பிறகே மின்சாரம் இணைக்க வேண்டும்.

இணைக்கும் வேளையில்

உறுப்புகளைக் கேபினட்டினுள் பூட்டுமுன், பலகை வந்த அட்டைப்பெட்டியின்மேல் பலகையை வைத்து, செயலி, கூலர், நினைவகம், மின்சாரம் ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்கிப் பார்ப்பது அறிவுடைமை. காட்சி அனுப்பும் பகுதி இல்லாத செயலியாயின் வரைகலை அட்டையையும் உடன் பொருத்த வேண்டும். தொடுமுன், எர்த் செய்யப்பட்ட உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட வேண்டும்.

டி.டி.ஆர். 5 நினைவகமுள்ள பொறி முதன்முறை தொடங்கும்போது, நினைவகத்தைச் சோதித்துப் பழகுவதற்காகச் சில நிமிடம் திரை இருண்டே இருக்கலாம். பழுது என்றெண்ணி அவசரப்பட்டு அணைத்தல் கூடாது. தொடங்கியபின் நினைவகம் தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும். பெட்டியில் எழுதிய வேகத்தைப் பெறப் பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்க வேண்டும். திரையின் கம்பியைப் பலகையின் துளையில் செருகாமல் வரைகலை அட்டையின் துளையில் செருக வேண்டும். இல்லையேல் விலைமிகுந்த அட்டை பெரும்பாலும் வேலையின்றி நிற்க, விளையாட்டு தள்ளாடும்.

பள்ளிக்கு இதன் பயன்

கேரளப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களின் பயிற்சியில் வன்பொருளுக்கும் இடமுண்டு. பழுதடைந்து ஒதுக்கப்பட்ட பழைய பலகை ஒன்றும், இருவகை நினைவகத் துண்டுகளும், ஓர் அளவுகோலும் இருப்பின், மேற்கூறிய பொருத்தங்களை ஆசிரியர் ஒரே வகுப்பில் விளக்கலாம். ஓம் விதியும், அடர்த்தியும், பனிநிலையும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. தான் விரும்பும் பொறியின்பொருட்டு அவற்றைக் கணக்கிடும் மாணவன் அவற்றை எளிதில் மறப்பதில்லை.

வாங்குமுன் தாளில் எழுதிப் பார்க்க வேண்டியவை

1. திரையின் புள்ளிகள், அதற்கேற்ற வரைகலை அட்டை.
2. செயலியின் சாக்கெட்டும் பலகையின் சாக்கெட்டும். பலகை நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் அச்செயலியின் பெயரும், அதற்கு வேண்டிய பயாஸ் பதிப்பும்.
3. பலகை ஏற்கும் நினைவக வகை, எம்.2 செருகிடத்தின் முறை.
4. மொத்த வாட்; 12 வோல்ட்டுத் தடத்தின் ஆம்பியர்; அட்டைக்கு வேண்டிய மின் இணைப்பி.
5. கேபினட்டில் அட்டையின் நீளம், கூலரின் உயரம், பலகையின் அளவு.
6. வீட்டின் எர்த், யு.பி.எஸ். தாங்கும் வாட்.
7. உத்தரவாதக் காலம், பொருளை மாற்றித் தரும் விதி, விலைச்சீட்டு.

இவ்வேழு வரிகளையும் நிரப்பிய தாளை மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்த்தபின்னரே பணம் செலுத்த வேண்டும். ஏதேனும் ஒரு வரி நிரம்பாமல் இருப்பின், அது நிரம்பும்வரை எவ்வுறுப்பையும் வாங்காதிருத்தல் நன்று. தாளில் நேர்ந்த பிழையை அழிப்பானால் திருத்தலாம். இருபத்திரண்டு வளைவுகளைக் கடந்து மேலே வந்த பிழையைத் திருத்துவதற்கு, மீண்டும் அதே வளைவுகளில் இறங்கியாக வேண்டும்.